அவர் பாட்டுக்குப் போனார்

‘பேசியவரிடமே கேட்டாயிற்றா?’ என்று நம் இணையதளத்தில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் எந்த வேலையையும் வக்கீலுக்கு அனுப்ப முடியாது. புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லாரும் சேர்ந்து அதை எடுத்துவிடச் சொல்லி ஸ்டீபனிடம் கேட்டிருக்கிறீர்களாம். வேலை தாமதமாகிறது, வக்கீல்கள் கத்துகிறார்கள், கட்சிக்காரர்கள் போனை எடுப்பதில்லை, எடுத்தால் வைப்பதில்லை. எல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தப் பொத்தான் மேல் கை வைத்தால் பழவேற்காட்டில் பஸ் ஏறிப் பொன்னேரி ஆபீசுக்கு வந்து சண்டை போடுவேன் என்று ஸ்டீபனிடம் சொல்லிவிட்டேன். ‘சண்டை வேண்டாம்க்கா, ஏன்னு எழுதிக் கொடுங்க’ என்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெரிய எழுத்தில் தட்டித்தான் எனக்கே தெரிகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை நேரில் பார்க்காதவர்கள் உங்களில் நிறைய பேர். நான் பழவேற்காட்டை அடுத்த ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். எங்கள் நைனா ஏரியில் வலை விட்டவர். நான் டைப் அடிக்கப் படித்துப் பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் சேர்ந்து, டைப்பிஸ்டாக இருந்து, பிறகு குமாஸ்தாவாக ஆனேன். உங்களை இன்று பாராலீகல் என்கிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு அப்போது ‘இந்தாம்மா’ என்பதுதான் பேர்.

கொரோனா வந்து கோர்ட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சென்னையில் வக்கீல்கள் மனு தயாரிக்க, மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். சட்டம் படித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களும், வேலை போன குமாஸ்தாக்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து வேலை போன ஸ்டீபன் எங்கள் ஆபீசுக்கு நோட்டீஸ் அனுப்ப வந்தான். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, ‘இதுக்கு ஒரு தளம் கட்டிடலாம்க்கா’ என்றான். அப்படி ஆரம்பித்ததுதான் நம் கம்பெனி. எங்கள் இரண்டு பேருக்கும் முன்பின் தெரியாத வேலை. ஆனாலும் ஓடியது.

ஆரம்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு அது வேண்டும். பொன்னேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி புருஷனிடம் ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட வழக்கு. அந்த வேலை நம் தளத்தில் வந்தது. எடுத்தவள் அதே தெருக்காரி. சாயங்காலத்துக்குள் அந்தப் புருஷன் பெண்டாட்டிச் சண்டை தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வழக்குப் போட்டவள் ஆபீசுக்கு வந்து, கத்தவில்லை, திட்டவில்லை, ‘இனிமே நான் தண்ணி புடிக்க எந்த மூஞ்சியோட போவேன்’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் ஒரு விதி போட்டேன். ஓர் ஊர்க்காரரின் வழக்கு அதே பக்கத்து ஆள் கைக்குப் போகக் கூடாது. தூரத்தில் இருப்பவருக்குத்தான் போக வேண்டும். நாமும் ஃபைலைத் திறந்து பார்க்கக் கூடாது. வேலை செய்தவரிடமிருந்து நேராக வக்கீலுக்குப் போய்விடும். ஸ்டீபன் அதைத் தளத்திலேயே எழுதி வைத்தான். வக்கீல்கள் பாராட்டினார்கள். எனக்கும் அந்த விதியில் கொஞ்சம் பெருமை இருந்தது. இப்போதும் அது நல்ல விதி என்றுதான் சொல்வேன்.

இனி தேசம்மாவின் கதை.

தேசம்மா எங்கள் குப்பத்துக்காரி, என்னைவிட நிறைய சின்னவள். அவள் புருஷன் ஏரியில் இறால் பிடிப்பவர். அதிகம் பேச மாட்டார். கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். முகத்துவாரத்தில் மண் அள்ளுவதற்கு ஒரு காண்ட்ராக்டர் பெரிய மிதவை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதிலிருந்து ஓர் இரும்பு வடத்தைத் தண்ணீரோடு தண்ணீராக இழுத்துக் கட்டியிருந்தார்கள். விளக்கு இல்லை, கொடி இல்லை. ஒரு விடிகாலையில் அவர் படகு அந்த வடத்தில் மாட்டிக் கவிழ்ந்தது. வலையும் அவர் உடலும் வடத்தோடு சிக்கிக் கிடந்ததை மற்றவர்கள்தான் போய் எடுத்தார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காண்ட்ராக்டரின் ஆட்கள், அவன் இரும்பு திருட வந்தான், இல்லாவிட்டால் விடிகாலையில் மிதவைப் பக்கம் அவனுக்கு என்ன வேலை என்று சொன்னார்கள். சொன்னது மட்டுமல்ல, போலீசில் எழுதியும் கொடுத்தார்கள். தேசம்மா என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

“யக்கா, நஷ்டஈடு வந்தா வருது, வராட்டி போவுது. அவரு திருடப் போவலன்னு கோர்ட்டுல எய்தணும். என் புள்ள இந்த ஊர்லதான பொழைக்கணும்?” என்றாள்.

நம் தளத்தில் வாடிக்கையாக வேலை கொடுக்கிற சென்னை வக்கீல் ஒருவரிடம் அவளை அனுப்பினேன். திருச்சிப் பக்கத்துக்காரர், நேர்மையானவர், கட்சிக்காரரை உட்கார வைத்துப் பேசுபவர். வழக்கு சென்னையில் நடந்தது. இறந்த அன்று தேசம்மா போலீசில் கொடுத்த வாக்குமூலம்தான் முக்கியமான காகிதம். போலீஸ்காரர் அவள் சொன்னதை அப்படியே தமிழில் எழுதியிருந்தார். கோர்ட்டுக்கு அதை ஆங்கிலத்தில் தர வேண்டும். வக்கீல் அந்த வேலையை நம் தளத்தில் போட்டார். நம் விதிப்படி அது எங்கள் பக்கத்தில் யாருக்கும் போகவில்லை. பொள்ளாச்சியில் இருந்த ஒரு பெண்ணுக்குப் போனது. அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே வரிக்கு வரி சரிபார்த்து அனுப்புவாள்.

வழக்கு நடந்தது. தேசம்மா கூண்டில் ஏறிய மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தூக்கு நிறைய இறால். அவள் முகத்தை அப்படித் தெளிவாகப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

“எதிர் வக்கீலு என் வாக்குமூலத்தப் படிச்சாருக்கா. ‘உங்க வூட்டுக்காரர் அவர் பாட்டுக்குப் போனார்னு நீங்க சொன்னீங்களா’ன்னு கேட்டாரு. ஆமாய்யா, சொன்னேன், அவரு பாட்டுக்குத்தான் போனாருன்னேன். இன்னொரு தபா கேட்டாரு. இன்னொரு தபாவும் சொன்னேன். அத்தினி பேர் முன்னால நெஞ்ச நிமித்திகினு சொன்னேன்க்கா” என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இறாலை வாங்கிக் கழுவப் போனேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. எதிர் வக்கீல் இதை ஏன் கேட்டார்? குறுக்கு விசாரணையில் நமக்கு லாபமான கேள்வியை எந்த எதிர் வக்கீலாவது கேட்பாரா, அதையும் இரண்டு முறை? வருஷக்கணக்கில் கோர்ட்டு வராந்தாவில் நின்றவளுக்கு இதுகூடத் தெரியாதா?

உங்களில் பெரும்பாலோர் தெற்கேயும் மேற்கேயும் இருப்பவர்கள். ‘அவர் பாட்டுக்குப் போனார்’ என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? யாரையும் கேட்காமல், யாரையும் சட்டை பண்ணாமல், தன் இஷ்டத்துக்குக் கிளம்பிப் போனார் என்றுதானே? எனக்கும் வெளியூரில் அப்படித்தான் காதில் விழும். ஆனால் எங்கள் ஏரியில் பாடு என்றால் முறை. ஏரியில் வலை விடும் இடங்களைக் குப்பத்துக்காரர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று இந்த இடம் இவருக்குப் பாடு என்றால் வேறு எவரும் அங்கே வலை இறக்க மாட்டார். இதற்குக் காகிதம் கிடையாது, ஊர்க்காரர் சொன்னால் தங்கள் ஆளுக்காகப் பேசுகிறார்கள் என்று கோர்ட்டில் தள்ளிவிடுவார்கள். ‘பாட்டுக்குப் போயிருக்கார்’ என்றால் தன் முறைக்கு, தன் உரிமை இடத்துக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அதைவிடக் கௌரவமாக ஒரு மனுஷன் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. அன்று அந்த இடம் அவருக்குப் பாடு. அந்த இடத்தில்தான் வடம் கட்டிக் கிடந்தது.

நானே போட்ட விதியை மீறி அந்த ஃபைலைத் திறந்தேன். வாக்குமூலத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்: ‘விடிகாலையில் அவர் பாட்டுக்குப் போனார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.’ ஆங்கிலத்தில் அது, கணவர் தன் போக்கில் கிளம்பிப் போனார், எங்கே போகிறார் என்று மனைவிக்கே தெரியாது என்று ஆகியிருந்தது. திருட வந்தான் என்று சொல்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பெற்ற பிள்ளைக்காகவும் செத்த புருஷனுக்காகவும் கூண்டில் ஏறியவள், எதிரி கேட்ட கேள்விக்கு இரண்டு முறை தலையை ஆட்டி, அவர் இஷ்டத்துக்குத்தான் போனார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அது தெரியாமல் எனக்கு இறாலும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அன்று நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

பொள்ளாச்சிப் பெண்ணைக் கூப்பிட்டேன். முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. “ஏனுங்கக்கா, எங்கூர்ல அப்படித்தானுங்க சொல்லுவோம். தப்பா எழுதிட்டனுங்களா?” என்றாள். பாடு என்றால் என்ன என்று சொன்னேன். குழந்தை அழுவது மட்டும் கேட்டது. உன் தமிழில் தப்பில்லை, நான் பொள்ளாச்சியில் பிறந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று எவ்வளவோ சொன்னேன். அந்தம்மாவுக்குத் தன் பேர் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். கையில் இருந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அவள் நம் தளத்திலிருந்து விலகிவிட்டாள். எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பி வரவில்லை.

வக்கீலிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவரும் அந்த வரியைப் படித்திருக்கிறார். நமக்குப் பாதகமான விஷயம், கிளறாமல் இருப்பதே நல்லது என்று நினைத்து அதைப்பற்றி தேசம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பாதகமான வரியைக் கிளறாதே என்றுதான் எல்லா வக்கீலுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

வழி ஒன்றுதான் இருந்தது. மொழிபெயர்ப்பு தவறு என்று நாமே கோர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், தேசம்மாவை மறுபடி கூண்டுக்கு அழைக்கும்படி மனு போட வேண்டும். ஸ்டீபன் பயந்தான். கோழை என்று நினைத்துவிடாதீர்கள், அவன் பயத்தில் அர்த்தம் இருந்தது. நம் மொழிபெயர்ப்பு தவறு என்று நாமே கையெழுத்துப் போட்டால் எந்த வக்கீல் இனி வேலை கொடுப்பார், இதை நம்பி வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிற இத்தனை பெண்கள் என்ன ஆவார்கள் என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அந்த மிதவை இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எழுதுங்கக்கா, நானும் கையெழுத்துப் போடறேன்” என்றான். அவன் பயந்தபடியே சில வக்கீல்கள் விலகித்தான் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள்.

ஆனால் கஷ்டமான முடிவு அது இல்லை. வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். “தேசம்மாகிட்ட இதைப்பத்தி மூச்சு விடக் கூடாதும்மா. நீங்க சொல்லி அவங்க கூண்டுல வந்து பாடுன்னா முறைன்னு ஆரம்பிச்சாங்கன்னா, சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு எதிர்ப்பக்கம் ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அவங்களா சொல்லணும். கேட்டா, தானா வாயிலேர்ந்து வரணும்.”

அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு வலித்தது. தேசம்மா வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வருவாள். சந்தைக்குப் போய்விட்டு, நாஸ்தா சாப்பிட்டுவிட்டுப் போவாள். வரும்போதெல்லாம் கோர்ட்டில் தான் பதில் சொன்ன விதத்தை ஒருமுறை சொல்வாள். எதிர் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைக்கூடச் சொல்வாள், பயந்துவிட்டாராம். நான் இட்லியைப் பிட்டுக்கொண்டு தலையை ஆட்டுவேன். மறுபடி கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருப்பது தெரிந்ததும், எதற்கு என்று கேட்டாள். இன்னொரு தபா கேட்கணுமாம் என்றேன். “கேக்கட்டும், எத்தினி தபா கேட்டாலும் அதான் சொல்லுவேன்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய பேஜாராக இருந்தது. அவள் போன பிறகு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அந்த நாள் வந்தது. நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி ஒரு அம்மா, தென் மாவட்டத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. எதிர் வக்கீல் நிறைய ஆட்சேபம் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீதிபதி தானே கேட்டார்.

“அம்மா, அவர் பாட்டுக்குப் போனார்னு சொல்லியிருக்கீங்க. பாட்டுக்குப் போறதுன்னா என்ன?”

தேசம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

“பாடுன்னா பாடுதாம்மா. ஏரியில அன்னிக்கு நம்ம மொறை. ஊருல சீட்டு போட்டு உட்டது. அன்னிக்கு அந்த எடத்துல வேற யாரும் வலை எறக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போனாரு.”

“எங்க போறீங்கன்னு ஏன் கேக்கலை?”

“பாட்டுக்குக் கெளம்பறவர எங்க போறன்னு யாராவது கேப்பாங்களாம்மா? கேட்டா போற காரியம் ஆவாது. எங்க மாமியாரு எனக்கு மொதல்ல சொன்னதே அதான். கதவுகிட்ட கம்னு நிக்கணும், அவ்ளோதான்.”

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதிர் வக்கீல்கூட எழுந்திருக்கவில்லை. நீதிபதி வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, நல்ல மனசோடுதான் ஒரு வார்த்தை சொன்னார்.

“சரிம்மா. அப்போ அவர் தன் இஷ்டத்துக்குக் கிளம்பிப் போனார்னு நீங்க சொல்லலை. இதுவரைக்கும் அப்படித்தான் பதிவாகியிருந்தது. இப்போ மாத்தியாச்சு.”

தேசம்மா சிரித்த முகத்தோடே நின்றிருந்தாள். அந்த வார்த்தை உள்ளே போக நேரமெடுத்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன், என்ன செய்வதற்கு என்று தெரியவில்லை.

“நானாம்மா அப்படிச் சொன்னேன்?”

“நீங்க சொல்லலை. நாங்கதான் அப்படிப் புரிஞ்சுக்கிட்டோம்.”

“ஆனா அவரு கேட்டப்ப நான் ஆமான்னு சொன்னேனேம்மா” என்றாள் தேசம்மா. “ரெண்டு தபா சொன்னேனே.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். கூண்டிலிருந்து இறங்கும்போது தேசம்மா கட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மின்சார ரயிலில் திரும்பினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். திருவொற்றியூர் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“உனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும்.”

“எப்பலேந்து?”

“நீ இறால் கொண்டாந்தியே, அன்னிலேந்து.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், வக்கீல் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. மீஞ்சூரில் கூட்டம் இறங்கிப் பெட்டி காலியானபோது, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

“அவரு இருந்தப்பயும் சரி, போனப்பறமும் சரி, ஒரு வார்த்த அவரத் தப்பா பேசினதில்லக்கா நானு.”

பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ் ஏறும்வரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளும் விலக்கவில்லை. ஆனால் பிடிக்கவும் இல்லை.

வழக்கு ஜெயித்தது. அவர் தன் முறையில், தனக்கு உரிய இடத்தில் இருந்தார், வடத்தை எச்சரிக்கை இல்லாமல் கட்டியது காண்ட்ராக்டரின் தவறு, திருட்டுப் பழிக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. தேசம்மா கேட்டது அதுதான், அது எழுதப்பட்டுவிட்டது. வக்கீல் அதைத் தமிழில் படித்துக் காட்டினார். அவள் மகன் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். அவள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நான் சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தக் கூண்டில் அந்த நிமிஷம் வந்திருக்காது. ஆனால் வழக்கு ஜெயித்திருக்காது, அவர் திருடன் என்றே பதிவாகியிருக்கும். இப்போது கேட்டாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் சரி என்று சொல்ல என்னால் முடியவில்லை. நெருக்கடியில் நல்ல முடிவு எடுப்பது எப்படி என்று என்னைப் பேசக் கூப்பிடுகிறீர்கள். நல்ல முடிவு எடுத்தவர் நிம்மதியாகத் தூங்குவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பச்சைப் பொத்தான் வந்தது. ஊர் விட்டு ஊர் கொடுக்கும் விதி அப்படியே இருக்கட்டும், ஆனால் எழுதி முடித்ததும் பேசியவருக்கே போன் போட்டு, நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா என்று அவர் தமிழில் கேட்க வேண்டும். பேசியவர் உயிரோடு இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், வழக்கைச் சொல்லாமல் அந்த வார்த்தையை மட்டும் கேட்க வேண்டும். தெரியாத வார்த்தையை நீங்களாகவே கேட்டுவிடுவீர்கள், அதில் எனக்குக் கவலையில்லை. நன்றாகத் தெரிந்த வார்த்தையைத்தான் யாரும் கேட்பதில்லை. கட்சிக்காரர் போனை வைக்காமல் பேசுகிறார் என்றால் பேசட்டும். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முடிக்கும் முன் ஒன்று. போன மாதம் தேசம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் என் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது, சண்டை ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் நான்தான் போகிறேன். மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மருமகள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பையன் எங்கே என்று தேசம்மாவிடம் கேட்டேன்.

“வேலைக்குப் போயிருக்கான்க்கா” என்றாள்.

எங்கள் பக்கம் வேலைக்குப் போவது என்றால் கம்பெனிக்குப் போவது, ரயில் பிடித்துப் போவது. ஏரிக்குப் போகிறவனை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. “மீஞ்சூர்லயா? எந்தக் கம்பெனி?” என்றேன்.

தேசம்மா என் காலி டம்ளரை எடுத்து மருமகளிடம் நீட்டினாள். மருமகள்தான் டம்ளரை வாங்கிக்கொண்டே, “கம்பெனியெல்லாம் இல்ல அத்த, இன்னிக்கு எங்க பாடு” என்று ஆரம்பித்தாள். மாமியார் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அத்தோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வீட்டில் அந்த வார்த்தையை இப்போது சொல்வதில்லை. முறைக்குப் போகிறான், வலைக்குப் போகிறான் என்றுகூடச் சொல்வதில்லை. வேலைக்குப் போகிறான், வேலையிலிருந்து வருகிறான், அவ்வளவுதான். தேசம்மா பேசுவதை இனி நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டும் மொழிபெயர்க்கலாம். தப்பே வராது.